மூன்று அசை

சாலிகிராமத்தில், மாவு மில்லுக்கு மேல் மாடியில்
சீனப் பேரரசைத் தமிழில் நடத்தினோம்.
எண்பது அத்தியாயம். அத்தியாயத்துக்கு
எனக்கு எண்ணூறு, பிரிஸ்கில்லாவுக்கு அறுநூறு.
அவள்தான் அரசன்.

நாற்பத்தாறு வயதில் ஆறு வயதுப் பையன்.
தொண்டைக்குள் எங்கேயோ அவனை உட்காரவைத்து
மைக் முன்னால் மட்டும் வெளியே விடுவாள்.
நான் அவன் சித்தப்பா, மஞ்சு இளவரசன் ஹெசிங்கே.
அண்ணன் செத்த அன்று
அரியணையில் ஏற முடிந்தும் ஏறாமல்
பக்கத்தில் நின்றவன்.

தாளில் 'காப்பாட்சியர்' என்று அடித்திருந்தது.
திரையில் உதடு மூன்று முறைதான் திறந்தது.
நான்காவது அசை மூடிய வாயிலிருந்து வந்தது,
வயிற்றுக்குள் வேறு யாரோ பேசியதுபோல.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மீரான்:
"பொறுப்புன்னு போடுங்க சார்.
எங்கப்பா பதினோரு வருசம்
மாநகராட்சியில பொறுப்பு.
பலகையில கடைசிவரைக்கும் பேர் ஏறல."

பொ. றுப். பு.
பொருந்தியது.

அதன்பின் எல்லாம் பொறுப்பாகவே நடந்தது.
பெருஞ்சுவரின் வாசல் திறந்துவிடப் படையோடு நுழைந்தேன்.
பிடித்த ஊரின் ஆண்களெல்லாம் பத்து நாளில்
முன்மண்டை மழித்துப் பின்னல் விட வேண்டும்,
மறுத்தால் வெட்டு.
மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தில் அந்த ஆணை:
'தலைக்கு வந்தது மயிரோடு போகட்டும்.'
ஏழு டேக் வீண்.
நான்கில் நான் சிரித்துவிட்டேன்,
மூன்றில் கீழே தண்ணீர் லாரி.
எட்டாவதில் சிரிப்பு வரவில்லை.
திரை ஓரத்தில் ஒரு எண்ணெய் வியாபாரி
கத்தியைப் பார்க்காமல்
இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.
அவனுக்கு வசனம் இல்லை.

அரச முத்திரை என் வீட்டுப் பெட்டிக்கு வந்தது.
"இனி நீங்கள் மண்டியிட வேண்டாம், சித்தப்பா"
என்றாள் பிரிஸ்கில்லா.
அப்போது அரசனின் கண் என்மேல் இல்லை,
தரைக்கு எட்டாமல் தொங்கிய
தன் காலின்மேல் இருந்தது.

அடுத்தவன் வாய் அசைய நான் பேசுவது
இருபத்திரண்டு வருடத் தொழில்.
ஹெசிங்கேவுக்கு ஏழு வருடம்தான்.

அறுபத்து மூன்றில் வேட்டை. குதிரை இடறிச் செத்தேன்.
ஒரு முனகல், ஒரு பெருமூச்சு, முழுச் சம்பளம்.
அறுபத்து நான்கில் பட்டங்களைப் பிடுங்கினார்கள்.
அறுபத்தைந்தில் கல்லறையைத் தோண்டுகிறார்கள்.
பிணத்துக்குப் பேச்சில்லை,
பேச்சில்லாதவனுக்குப் பேட்டா இல்லை.
ஆனாலும் போனேன்,
என்னை எப்படித் தோண்டுகிறார்கள் என்று பார்க்க.

படிக்கட்டில் பிரிஸ்கில்லா உட்கார்ந்திருந்தாள்,
மடியில் டிபன் டப்பா, திறக்காமல்.
அரசனுக்கு மீசை அரும்பிவிட்டதாம்.
ஆவடியிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், கட்டைக் குரல்.
"தோண்டச் சொல்றது நான் இல்லண்ணே" என்றாள்.
"தெரியும்" என்றேன்.
கீழே யார் வீட்டு மிளகாயோ அரைபட்டது.
இருவரும் தும்மினோம்.
மேலே சிவப்பு விளக்கு எரிந்ததால்
வாயைப் பொத்திக்கொண்டு தும்மினோம்.

எழுபத்தொன்பதில், தலைமுறைகள் தள்ளி
வேறோர் அரசன் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தான்.
நினைவுக் காட்சிக்கு என் பழைய ஒலியையே
வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். கூப்பிடவில்லை.

போன வாரம் 12பியில் எனக்கு முன் சீட்டில்
ஒருவர் போனைக் கம்பியில் சாய்த்துவைத்து
சத்தமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.
பளிங்குப் படிகள், மஞ்சள் குடை, குழந்தை.
நான் நெற்றியைத் தரையில் வைக்கிறேன்.
"யார் நீ?" என்கிறாள் பிரிஸ்கில்லா,
பால்பல் தெரிய.
நான் நிமிர்ந்து, மூச்செடுத்து, "அரசே, நான் உங்கள்" என்றதும்
விளம்பரம் வந்தது.
ஐந்து விநாடியில் தாண்டலாம் என்றிருந்தது.
அவர் தாண்டவில்லை.
வடபழனி வந்துவிட்டது.